மூக்கில் ரத்தம், மாறிய மாத்திரை – கடிதம்

அன்புள்ள ஐயா,

அம்மாபேட்டையில் தறி வைத்திருக்கிறோம். மூன்று மாதம் முன்பு அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். டிகாக்ரிலர் சாப்பிட்டதில் அடிக்கடி மூக்கில் ரத்தம். டாக்டர் டெஸ்ட் எதுவும் எடுக்காமல் குளோபிடோக்ரெலுக்கு மாற்றிவிட்டார். பக்கத்து வீட்டம்மா வால்வு ஆபரேஷன் செய்தவர். அவருக்கு மாதாமாதம் ரத்தம் பார்த்துத்தான் மாத்திரை அளவு சொல்கிறார்கள். அப்பாவுக்கு மட்டும் ஏன் பார்க்கவில்லை? பயமாக இருக்கிறது.

எம்.

அன்புள்ள எம்,

பயப்படாதீர்கள். அந்த அம்மா சாப்பிடுவது அநேகமாக அசிட்ரோம். கல்லீரல் செய்யும் உறைதல் புரதங்களைக் குறைக்கிற மருந்து அது. சாப்பாட்டில் கீரை கூடினால்கூட அதன் வேலை மாறும் என்பதால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். டெஸ்ட் பார்த்தே தீரவேண்டும். அப்பாவின் மாத்திரை, ரத்தம் கட்ட உதவும் நுண்ணிய அணுக்களான தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பது. அந்த வேலை ஐ.என்.ஆரில் தெரியாது.

தட்டணுவுக்கென்று தனிப் பரிசோதனை உண்டு. வெரிஃபைநவ் என்ற கருவியில் ரத்தம் ஃபைப்ரினோஜன் என்ற உறைதல் புரதம் பூசிய நுண்மணிகளோடு கலக்கும். தட்டணுக்கள் அந்த மணிகளைப் பிடித்துத் திரளத் திரள, ரத்தத்தின் ஊடே ஒளி கூடுதலாகக் கடக்கும். சில நிமிடங்களில் ஓர் எண் வந்துவிடும். 208-ஐத் தாண்டினால் மருந்து போதவில்லை, 85-க்குக் கீழே போனால் ரத்தக்கசிவு வரலாம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இதைப் படித்தபோது எல்லோருக்கும் எடுக்கவேண்டியதுதானே என்று நானும் நினைத்தேன். 2012-ல் வந்த ஆர்க்டிக் ஆய்வு அந்த நினைப்பை மாற்றியது. பிரான்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட 2440 பேரில் ஒரு பாதிக்கு எண்ணைப் பார்த்து மருந்தை மாற்றினார்கள். பார்க்காத பாதியைவிட அவர்களுக்கு நன்மை எதுவும் கூடவில்லை.

மருந்தைக் குறைக்கிற பக்கத்தில்தான் பலன் தெரிந்தது. ரத்தம் கட்டும் அபாயம் முதல் மாதத்தில் அதிகம்; பிறகு டிகாக்ரிலர் போன்ற வீரியமான மருந்தால் கசிவுதான் தொல்லை. கொரியாவில் மாரடைப்பு வந்த 2697 பேரை வைத்துச் செய்த டாலோஸ் ஆய்வு 2021-ல் வந்தது. ஒரு மாதம் கழித்து, எந்த டெஸ்டும் இல்லாமல், ஒரு பாதியை டிகாக்ரிலரிலிருந்து குளோபிடோக்ரெலுக்கு மாற்றினார்கள். ரத்தக்கசிவு குறைந்தது, மாரடைப்பு கூடவில்லை. உங்கள் டாக்டர் செய்திருப்பதும் இதுதான். மூக்கில் வந்த ரத்தத்தை அவர் கணக்கில் எடுத்திருக்கிறார்.

ஒன்றை மட்டும் அவரிடம் கேளுங்கள். குளோபிடோக்ரெல் கல்லீரலில் ஒரு நொதியால் மாறிய பிறகே வேலை செய்யும். அந்த நொதி பிறவியிலேயே மந்தமாக உள்ளவர்கள் நம் நாட்டில் நிறைய. அப்பாவுக்குச் சர்க்கரையோ, ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்டென்ட்டோ இருந்தால் மரபணு டெஸ்ட் தேவையா என்று கேட்கலாம். கேஸ் தொல்லைக்கு மெடிக்கலில் ஒமெப்ரசோல் வாங்கிப் போடுகிறாரா என்பதையும் சொல்லிவிடுங்கள். அது இதே நொதியைத் தடுக்கும்.

ஏற்காடு நாகலூரில் காப்பித் தோட்டத்தில் இருக்கும் என் மச்சானுக்கும் டிகாக்ரிலர்தான் கொடுத்தார்கள். சரிவில் நாலு எட்டு ஏறினால் மூச்சு வாங்கியது. மலை, வயசு என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் ராத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டார். அட்டையை நான்தான் பார்த்தேன். காலை வரிசை காலி, ராத்திரி வரிசையில் பன்னிரண்டு மாத்திரை அப்படியே இருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. மூச்சு வாங்குவது அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. சேலத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள்.

இன்று அப்பா தறியை விட்டு எழுந்ததும் அவருடைய மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பாருங்கள்.