துபாய்க்குப் பெட்டி கட்டும் முன்: வாசகர் கேள்விகள்

அரையாண்டு விடுமுறை நெருங்கினால் துபாய் பற்றிய கேள்விகள் வரிசை கட்டி வந்துவிடும். இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் "என்ன உடுத்துவது, தெரியாமல் ஏதாவது செய்து மாட்டிக்கொள்வோமா" என்கிற பயம்தான். பயம் இருக்கட்டும், ஆனால் அதைக் கொஞ்சம் இடம் மாற்றி வையுங்கள். சுடிதாரைப் பார்த்து அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் பெட்டியில் இருக்கும் மசாலாப் பொட்டலமும்தான் உண்மையில் ஆளை நிறுத்தக்கூடியவை.

கேள்வி: என் மனைவியின் பாஸ்போர்ட்டில் அவள் பெயர் மட்டும் ஒரே சொல்லாக இருக்கிறது. குடும்பப் பெயருக்கான இடம் காலி. ஏஜென்ட் "அதெல்லாம் பார்க்க மாட்டாங்க சார்" என்கிறார். டிக்கெட் போடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். கட்டாயம் பார்ப்பார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல்லாக மட்டும் பெயர் இருப்பவர்களுக்குச் சுற்றுலா விசாவும் விசிட் விசாவும் இல்லை என்று சொல்லிவிட்டது. இதில் அதிகம் அடிபட்டவர்கள் நாம்தான், ஏனென்றால் குடும்பப் பெயர் என்ற ஒன்றே நமக்குக் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்தோடு வாழ்க்கையையே ஓட்டிவிடுகிறோம், விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். பாஸ்போர்ட்டின் இரண்டாவது விவரப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வதாகப் பிறகு விளக்கம் வந்தது. இந்தியப் பாஸ்போர்ட்டில் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருக்கும், எடுத்துப் பாருங்கள். இருந்தாலும் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து விமான நிறுவனத்துக்கு அனுப்பி, "ஏற்றிக்கொள்வோம்" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னது கவுண்டரில் எடுபடாது. அடிக்கடி வெளிநாடு போகப் போகிறீர்கள் என்றால் பெயரை இரண்டாகப் பிரித்துப் பாஸ்போர்ட்டையே மறுபடி வாங்கிவிடுவது நல்லது, செலவும் அலைச்சலும் ஒரு தடவையோடு போய்விடும். கையோடு, பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஐந்து நாள் பேக்கேஜ், "எல்லாம் சேர்த்து" என்கிறார்கள். எதையெல்லாம் விசாரிக்க வேண்டும்?

அந்த "எல்லாம்" எதுவென்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், முதல் வேலை அதுதான். துபாய் ஓட்டல்களில் அறைக்கு ஓர் இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம் (அந்த ஊர்ப் பணம்) வரை "சுற்றுலா திர்ஹாம்" என்று ஒரு கட்டணம் உண்டு, நட்சத்திரத்துக்கு ஏற்ப மாறும். பேக்கேஜில் இது பெரும்பாலும் சேராது, ஓட்டலில்தான் கேட்பார்கள். நான் முதல் தடவை போனபோது இது ஏதோ ஏமாற்று வேலை என்று வரவேற்பு மேசையில் சண்டைக்கே போய்விட்டேன். அந்தப் பையன் பொறுமையாக அரசாங்க அறிவிப்பைக் காட்டினான். மறைத்தது ஊரில் இருந்த என் ஏஜென்ட்.

பாலைவன சஃபாரியில் வண்டி நமக்கு மட்டுமா, வேறு ஆட்களோடு பகிர்ந்தா என்று கேளுங்கள். மணல்மேட்டில் வண்டியை ஏற்றி இறக்கிக் குலுக்குவார்கள், இடுப்பு வலி, முதுகு வலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் அதில் ஏறவே கூடாது. அவர்களை நேராக முகாமுக்குக் கொண்டுபோய் விடுவார்களா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். பணம் கட்டும்போது டிசிஎஸ் என்று ஒரு தொகை பிடிப்பார்கள். அது ஏஜென்ட்டின் லாபம் அல்ல, உங்கள் பான் கணக்கில் வரவாகும் வரி, ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம். ஆனால் பான் எண்ணைச் சரியாகப் பதிந்தார்களா என்று பாருங்கள். விசா முடியும் தேதியையும் நீங்களே படித்துக்கொள்ளுங்கள், கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹாம் அபராதம்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை, மூட்டுவலி, தூக்கமும் வராது. மாத்திரையெல்லாம் கொண்டு போகலாமா? சமைத்துச் சாப்பிடக் குழம்புப் பொடி, ஊறுகாயும் கட்டிவைத்திருக்கிறார்.

இந்த வாரம் வந்த கேள்விகளில் முக்கியமானது இதுதான். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளில் சிக்கல் இல்லை, அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் போனால் போதும். கவனிக்க வேண்டியது வலிக்கும் தூக்கத்துக்கும் உள்ளவை. டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, அல்பிரசோலம் போன்றவை அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். நம் ஊரில் சர்க்கரைக்காரர்களுக்குக் கால் எரிச்சல், மதமதப்பு என்றால் எழுதித் தருகிற பிரீகாபலினும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பலருக்குத் தாங்கள் அதைச் சாப்பிடுவதே தெரியாது, கூட்டு மாத்திரையின் அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும். ஒவ்வோர் அட்டையையும் திருப்பிப் படியுங்கள். பட்டியலில் உள்ளது ஏதாவது இருந்தால், கிளம்பும் முன்பே அமீரக அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். அல்லது மருத்துவரைப் பார்த்து, அந்த ஐந்து நாளுக்கு வேறு மருந்து சரிப்படுமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தக்கூடாத மருந்துகள் இவற்றில் உண்டு. வாரத்துக்கு எண்ணிப் போடும் டப்பாவில் கலந்துபோட்டும் எடுத்துப் போக வேண்டாம், எது என்ன மாத்திரை என்று யாருக்கும் சொல்ல முடியாது.

அடுத்து மசாலா. கசகசா அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள், போதைப்பொருளாகவே பார்க்கிறார்கள். தனிப் பொட்டலமாக யாரும் கொண்டு போவதில்லைதான், ஆனால் குருமாவுக்கு என்று வீட்டில் அரைத்த பொடியில் அம்மா ஒரு கை போட்டிருப்பார். கேட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் அந்தப் பொடியே வேண்டாம். வெற்றிலையும் கூடாது, பாட்டியின் சுருக்குப்பை இந்த ஒரு பயணத்துக்கு ஊரிலேயே இருக்கட்டும். இதற்கெல்லாம் அவசியமும் இல்லை. துபாயின் கராமா, தேரா பகுதிகளில் இட்லி முதல் மீன்குழம்பு வரை கிடைக்கிறது, பேரங்காடிகளில் நம் ஊர்ப் பொடிகளே அடுக்கிவைத்திருக்கிறார்கள். ஊறுகாய் கொண்டு போகலாம், கடையில் வாங்கி மூடி உடைக்காததாக, பெரிய பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: கல்லூரி போகும் மகள் இருக்கிறாள். அபாயா (அங்கே பெண்கள் போடும் நீள அங்கி) வாங்கிக்கொண்டு போக வேண்டுமா?

வேண்டாம், அந்தக் காசு மிச்சம். துபாயில் வெளிநாட்டுப் பெண்கள் அபாயா போட வேண்டும் என்றோ தலையை மூட வேண்டும் என்றோ சட்டம் இல்லை. தோளும் முட்டியும் மறைந்தால் கடைவீதி, மெட்ரோ எதிலும் சங்கடம் இருக்காது. அபுதாபியில் ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசலுக்குப் போகும் நாளில்தான் கவனம் வேண்டும். முழுக்கை வைத்த, உடலை ஒட்டாத, கணுக்கால் வரை வரும் சல்வாரும் தலையை மூட ஒரு துப்பட்டாவும் போதும். மெல்லிசாகத் தெரியும் துணியும் லெக்கின்ஸும் ஆகாது. ஆண்கள் அரைக்கால் சட்டையோடு போகக்கூடாது. உள்ளே போகக் கட்டணமே கிடையாது, இணையத்தில் முன்பதிவு செய்தால் போதும். இதற்கு "நுழைவுச்சீட்டு" என்று பேக்கேஜில் யாராவது காசு போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

மற்றபடி நடந்துகொள்ளும் முறை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுதான்: வலது கையால் வாங்கு, வலது கையால் கொடு. அரபுப் பெண்களிடம் ஆண்கள் முந்திக்கொண்டு கை நீட்ட வேண்டாம், அவர்கள் நீட்டினால் குலுக்கலாம். சிறு கிண்ணத்தில் கஹ்வா என்கிற அரபுக் காபி ஊற்றித் தருவார்கள், காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கிண்ணத்தை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். தெரியாமல் நான் ஐந்து கிண்ணம் குடித்திருக்கிறேன், அன்று ராத்திரி தூக்கமே இல்லை. ரமலான் மாதத்தில் போனால் பகலில் பொது இடத்தில் சாப்பிடுவதையும் குடிப்பதையும் தவிர்த்து உணவகத்துக்கு உள்ளே உட்கார்ந்து சாப்பிடுங்கள். மெட்ரோவில் எந்த மாதமும் சாப்பிடக்கூடாது, 100 திர்ஹாம் அபராதம். பெண்கள் பெட்டியில் தெரியாமல் ஏறும் ஆண்களுக்கும் அபராதம் உண்டு, தரையில் போட்டிருக்கும் கோட்டைப் பாருங்கள். தெரியாதவர்களை, முக்கியமாகப் பெண்களையும் குடும்பங்களையும், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். சாலை விபத்து நடந்த இடத்தில் போனைத் தூக்கவே தூக்காதீர்கள்.

கேள்வி: தங்கம் அங்கே வாங்கினால் லாபம் என்கிறார்களே?

முன்பு அளவுக்கு இல்லை. 2024 ஜூலையில் இந்தியா இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆக இறக்கியபோதே இடைவெளி சுருங்கிவிட்டது. அங்கேயும் நகைக்கு 5 சதவீத வாட் வரி உண்டு. பலரும் கோட்டைவிடுவது திரும்பி வரும்போதுதான்: நகையைச் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரும் சலுகை, ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் என்பது, வெளிநாட்டில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு மட்டும். ஐந்து நாள் சுற்றுலா போனவருக்கு அது கிடையாது. தங்கக் காசு, கட்டித் தங்கம் எல்லாம் எப்போதுமே இந்தச் சலுகைக்கு வெளியேதான். "கழுத்தில் போட்டுக்கொண்டு வந்துவிடு, யார் கேட்கப் போகிறார்கள்" என்று சொல்லும் சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். பறிமுதல் ஆனால் அவர் வந்து மீட்டுத் தர மாட்டார். இங்கிருந்து கனமாக நகை போட்டுக்கொண்டு போகிறவர்கள், புறப்படும்போதே சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் திரும்பும்போது வாக்குவாதம் இருக்காது.

ஆசைக்கு ஒரு மோதிரம், கம்மல் என்றால் தாராளமாக வாங்குங்கள், வரியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு. தேரா தங்கச் சந்தையில் கிராம் விலை அன்றன்று அறிவிக்கப்படுவது, அதில் பேரம் இல்லை. பேரமெல்லாம் செய்கூலியில். முதலில் சொன்ன செய்கூலிக்கு அப்படியே தலையாட்டிவிட்டு வந்தால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

கேள்வி: வரியைத் திருப்பித் தருகிறார்களாமே? கடையில் கார்டு தேய்க்கலாமா?

தருகிறார்கள், முழுவதும் அல்ல. குறைந்தது 250 திர்ஹாமுக்கு வாங்கியிருக்க வேண்டும், அந்தக் கடை திட்டத்தில் இருக்க வேண்டும், பில் போடும்போதே பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். 1,050 திர்ஹாமுக்கு ஒரு பொருள் வாங்கினால் அதில் வரி 50. அதில் 85 சதவீதம், அதாவது 42.50, அதிலும் ஒரு பில்லுக்கு 4.80 திர்ஹாம் கட்டணம் போகக் கைக்கு வருவது 37.70. ஓட்டல், சாப்பாட்டு பில்லுக்கு இது இல்லை. விமான நிலையத்தில் பெட்டியை உள்ளே போடுவதற்கு முன்பு இதை முடிக்க வேண்டும், பொருளைக் காட்டச் சொல்லலாம். 300 திர்ஹாம் பொருளுக்காக வரிசையில் நிற்பது எனக்கு வேண்டாத வேலையாகத்தான் படுகிறது.

கார்டு மெஷினில் "ரூபாயா, திர்ஹாமா" என்று கேட்டால் திர்ஹாமைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விலையைக் கடைக்காரர் பக்கத்து வங்கி போடும், அது நமக்குச் சாதகமாக இருந்து நான் பார்த்ததில்லை. மசாலாச் சந்தையில் குங்குமப்பூ வாங்கும்போது சொல்லும் விலை ஒரு கிராமுக்கா, டப்பாவுக்கா என்று எடை போடுவதற்கு முன் கேளுங்கள். போட்ட பிறகு கேட்டால் அரபி, இந்தி, மலையாளம் மூன்றிலும் சமாதானம் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் பழைய சந்தைப் பக்கம் பல கடைகள் மூடியிருக்கும், அந்த நேரத்தில் போகாதீர்கள். தேராவிலிருந்து எதிர்க்கரையில் இருக்கும் பர் துபாய்க்கு டாக்சி வேண்டாம், அப்ரா படகில் ஒரு திர்ஹாம்.

கேள்வி: அங்கிருந்து வாட்ஸ்அப்பில் பேச முடியுமா? சார்ஜர் சேருமா?

எழுதி அனுப்பலாம், குரல் பதிவும் போகும், கால் மட்டும் போகாது. பாட்டிம் போல அங்கே அனுமதித்த செயலியை ஊரில் இருப்பவர் போனிலும் கிளம்பும் முன்பே ஏற்றி வையுங்கள். வாட்ஸ்அப்பில் கோபமாக யாரையும் திட்டி எழுதவும் வேண்டாம், அங்கே அது வழக்காகும். மின்சாரம் நம்முடையதைப் போலத்தான், பிளக்தான் வேறு, சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பது போல மூன்று தட்டை முனை. அடாப்டரை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பவர்பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். எமிரேட்ஸில் 2025 அக்டோபர் முதல் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவே கூடாது, ஓர் ஆளுக்கு ஒன்றுதான்.

கேள்வி: கடையில் ஏமாந்தால் அங்கே யாரிடம் போவது?

பில் இருந்தால் பயமில்லை. துபாயில் நுகர்வோர் புகாருக்கு 600545555 என்ற எண் உண்டு, சுற்றுலாப் பயணியும் பேசலாம். பழுதான பொருள் என்றால் மாற்றியோ பணமாகவோ கேட்கலாம், "வீட்டில் மனைவிக்கு நிறம் பிடிக்கவில்லை" என்பதற்கெல்லாம் கடைக்காரர் திருப்பி எடுக்கக் கட்டாயமில்லை. சந்தில் கூட்டிப்போய் "காப்பி வாட்ச்" விற்றவரிடம் பில் கேட்டு என்னிடம் வராதீர்கள்.