டிகிரி முடித்துவிட்டு ஊரில் சின்னப் பசங்களுக்கு வாலிபால் சொல்லிக்கொடுக்கிறேன். இதை வைத்து ஆசிரியர் ஆக முடியுமா?

இதை மட்டும் வைத்து முடியாது. ஆனால் நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன், இப்போது ஒரு தனியார் பள்ளியில் ஏழாம், எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன்.

பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு மன்னார்குடி பக்கம் ஓர் உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் பஞ்சாயத்துத் திடல். பத்துப் பன்னிரண்டு பொடியன்கள், இரண்டு பந்து. அதில் ஒருவனுக்கு சர்வீஸ் வலையைத் தாண்டவே தாண்டாது. பதினைந்து நாள் "பலமா அடிடா, பலமா அடிடா" என்று கத்தினேன். அவன் கை சிவந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டதால் பேசாமல் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். அடிக்கிற கையில் கோளாறே இல்லை. இடது கை பந்தைத் தலைக்குப் பின்னால் தூக்கிப் போடுகிறது, பயல் மல்லாக்கச் சாய்ந்துகொண்டு அடிக்கிறான். சர்வீஸ் கோடு வலையிலிருந்து 9 மீட்டர். அவனைப் பாதித் தூரத்துக்கு அழைத்து வந்து, "அடிக்கவே வேணாம், தூக்கிப் போட்டு உனக்கு முன்னாடி விழவிடு, போதும்" என்றேன். அதன்பின் வாரத்துக்கு ஓரெட்டு பின்னால். ஒன்றரை மாதத்தில் கோட்டுக்கு வெளியே நின்று போட்டான். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் உரக்கடையில் ஒருநாளும் வந்ததில்லை.

இன்றைக்கு வகுப்பில் ஒரு பிள்ளை ½ + ⅓ = ⅖ என்று எழுதினால் "கவனமாப் போடு" என்று சொல்ல வாய் வரும். அதுவும் "பலமா அடிடா"தான். மேலே ஒரு எண், கீழே ஒரு எண் என்று தனித்தனியாகப் பார்த்துக் கூட்டியிருக்கிறது அந்தப் பிள்ளை. கை எங்கே பின்னால் போகிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்குத் திடலில் வந்தது. (தொண்டையும் அங்கேயிருந்துதான் வந்தது. பி.எட். பயிற்சிக்குப் போன முதல் நாளே பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப்பார்த்து, "சார், பசங்க பக்கத்துலதான் இருக்காங்க" என்றார்.)

சரி, வேலை விஷயம். உடற்கல்வி ஆசிரியர் ஆக வேண்டுமா, பாட ஆசிரியரா என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள். பி.டி. வாத்தியார் என்றால் டிகிரிக்கு மேல் பி.பி.எட். என்ற இரண்டு வருட உடற்கல்விப் பட்டம். 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி சென்னை நந்தனத்தில் இருக்கிறது, மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பாடம் என்றால் பி.எட்., அதுவும் இரண்டு வருடம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை எடுக்க டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளும் எழுத வேண்டும். பலர் குழம்பும் இடம் ஒன்று: பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.ஸின் ஆறு வாரச் சான்றிதழ் உங்களைக் கோச்சாகக் காட்டும், பள்ளி ஆசிரியராக்காது.

பகுதிநேர வேலை கிடைத்தால் உள்ளே நுழைந்துவிடலாம் என்பார்கள். 2012இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தையல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேரமாக எடுத்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனை வருடம் தெருவில் உட்கார்ந்தார்கள் என்று செய்தி படித்திருப்பீர்கள். அதை நம்பிப் படிப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

தனியார் பள்ளி நேர்காணலில் "ஸ்போர்ட்ஸ் டேவையும் நீங்களே பாத்துப்பீங்களா?" என்று கேட்டார்கள். தலையாட்டினேன். ஆறு வருடமாக ஜனவரி மாதம் சுண்ணாம்புப் பொடியும் கையுமாக ட்ராக் போட்டுக்கொண்டிருக்கிறேன், அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

கடைசியாக, கல்லூரிக்கோ மாவட்டத்துக்கோ நீங்கள் ஆடிய சான்றிதழ்களை இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள். பி.பி.எட். சேர்க்கையில் கேட்பார்கள். நானும் முதலில் அதற்குத்தான் போக நினைத்தேன். பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் திறந்தால் சான்றிதழ் ஃபைல் முழுக்கக் கரையான். மிச்சம் இருந்தது பி.எஸ்சி. மார்க் ஷீட் மட்டும்தான், அது அம்மாவின் பீரோவில் இருந்தது.