மாறும் லோகோ வேண்டுமா? முதலில் கையெழுத்து வாங்குங்கள்

கேள்வி: விழுப்புரம் பக்கத்தில் தெருக்கூத்துப் பயிற்சி நடத்தும் அறக்கட்டளை நாங்கள். பழைய லோகோவை மாற்ற வேண்டும். நிகழ்ச்சிக்குத் தகுந்தபடி மாறும் அடையாளம் என்று சொல்லி, ஒரு ஏஜென்சி 40 லோகோக்களுக்கு விலை கேட்கிறது. நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவையும் புதுப்பிக்க வேண்டுமாம். செய்யலாமா?

பதில்: 80ஜி கவலையை விடுங்கள். பெயர் மாறாமல் சின்னம் மட்டும் மாறினால் அதைத் தொடவே வேண்டாம். அதற்குக் கட்டணம் கேட்பவரிடம், எந்த விதியில் இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

40 லோகோக்களும் வேண்டாம். மாறும் அடையாளம் என்பது ஒரே ஒரு விதி. அதை வைத்து, தேவைப்படும்போது நீங்களே வரைந்துகொள்ளலாம். நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகமும் லாப நோக்கமற்றதுதான். 2013-இல் ஆம்ஸ்டர்டாமின் எக்ஸ்பெரிமென்டல் ஜெட்செட் குழு அதன் முதல் எழுத்தான டபிள்யூவை மெல்லிய கோடாக வரைந்து தந்தது. போஸ்டரில் படம் போக மிச்சமிருக்கும் இடத்துக்கு ஏற்ப அந்தக் கோடு விரியும், ஒடுங்கும். அன்றாடம் அதைக் கையாண்டது அருங்காட்சியகத்தின் சொந்த வடிவமைப்புக் குழு.

எல்லாத் தமிழ் எழுத்தும் இப்படி இழுபடாது. 'கூ'வை இழுத்தால் சுழி உருக்குலையும். உங்கள் பெயர் 'ப'வில் தொடங்குவது நல்லதாகப் போயிற்று. மூன்றே நேர்கோடுகள். பேனரில் ஆட்டக்களம் போல விரியும், டிக்கெட்டில் ஒடுங்கி நிற்கும். ஆனால் வலது கோடு இடது கோட்டைவிடக் குட்டையாகக் கூடாது. குறைந்தால் தூரத்திலிருந்து 'ட' என்று படிப்பார்கள்.

இனி சொல்வதுதான் முக்கியம். பணம் கொடுத்துவிட்டால் லோகோ நம்முடையது என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியாள் வரைந்த லோகோவுக்கு முதல் உரிமையாளர் வரைந்தவர்தான். அவர் எழுதிக் கையெழுத்திட்டு மாற்றித் தந்தால்தான் உங்களுக்கு வரும். அந்தத் தாளில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு மட்டுமே செல்லும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 'பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்' என்று எழுதச் சொல்லுங்கள்.

விலக்கு ஒன்று உண்டு. உங்களிடம் சம்பளம் வாங்கும் ஊழியர் தன் வேலையின் பகுதியாக வரைந்தால் உரிமை அறக்கட்டளைக்கு. ஆனால் ஊழியர் என்றால் ஊழியர்தான். அறங்காவலரின் மருமகன் பிரியத்தில் வரைந்து தந்தால் அவர் ஊழியர் இல்லை. கோடைப் பட்டறைக்கு வந்த கல்லூரி மாணவரும் இல்லை. வேலைக்கு இவ்வளவு என்று பேசி வாங்கிப் போகிறவரும் இல்லை. மூவரிடமும் கையெழுத்து வேண்டும். ஏஜென்சி என்றால் யாரை வைத்து வரைந்தது என்றும் கேளுங்கள். தன்னிடம் இல்லாத உரிமையை இடைத்தரகர் எழுதித் தர முடியாது. என்னிடம் வந்த ஒரு குழுவின் கையில் வாட்ஸ்அப்பில் வந்த ஜேபிஜி மட்டும்தான் இருந்தது. மூலக் கோப்பைக் கேட்ட ஒவ்வொரு முறையும் அவர்களுக்கு லோகோ செய்துகொடுத்த ஏஜென்சி தனிக் கட்டணம் கேட்டது.

அப்புறம் வணிகக்குறி, அதாவது டிரேட்மார்க். வடிவத்துக்கு ஒரு விண்ணப்பம் என்று ஏஜென்ட் சொல்வார். பெயரை வெறும் சொல்லாக, கலை, பயிற்சிக்கான 41-ஆம் வகுப்பில் பதிந்தால் போதும். இணையவழிக் கட்டணம் தனிநபருக்கு 4,500 ரூபாய், அறக்கட்டளைக்கு 9,000. லாபமே பார்க்காதவர்களிடம் பெரிய கம்பெனிக்குரிய அதே தொகையை வாங்குவது என்ன நியாயம்? கூத்துக்குக் காசு திரட்டுவதே பெரும்பாடு.

எழுத்துருவுக்கு முக்த மலர், ஹிந்த் மதுரை இரண்டும் இலவசம், சட்டச் சிக்கலும் இல்லை. ஃபிளெக்ஸ் கடைக்காரர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தருகிறேன் என்பார். அந்த எழுத்தை இணையத்தில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும்.

பழைய ரசீதுப் புத்தகங்களைத் தூக்கிப்போடாதீர்கள். பெயரும் பான் எண்ணும் அதேதான் என்பதால், தீரும்வரை அவற்றிலேயே எழுதலாம்.