விரல் நுனியா, விரல் எலும்பா?

கேள்வி: வயது 30. மாதச் சம்பளம் 15,000 ரூபாய். 2025 மார்ச்சில் பவர் பிரஸ்ஸில் மாட்டி வலது ஆள்காட்டி விரலின் முன்பக்கம் போய்விட்டது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'செகண்ட் டிஜிட், டிஸ்டல் ஃபாலங்ஸ் ஆம்புடேஷன்' என்று இருக்கிறது. கம்பெனியோ 'நுனிதானே' என்கிறது. இத்தனை வருடம் உழைத்தும் முதலாளி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலாளி எட்டிப் பார்க்காததற்கு எந்தச் சட்டத்திலும் இழப்பீடு கிடையாது. எலும்பு போனதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

ஃபாலங்ஸ் என்பது விரல் எலும்பு. ஆள்காட்டி விரலில் மூன்று உண்டு. டிஸ்டல் என்றால் கடைசியில் இருப்பது, நகத்துக்கு அடியில் உள்ளது. ஆம்புடேஷன் என்றால் துண்டிப்பு. விபத்து நாளில் நடப்பில் இருந்த 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி, எலும்பு போகாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் சம்பாதிக்கும் திறனில் இழப்பு 5 சதவீதம்; ஓர் எலும்பு போனால் 9. உங்கள் கணக்கில் முன்னது சுமார் 93,600 ரூபாய், பின்னது 1,68,500. (இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் இந்த வழியே இல்லை, அங்கே போங்கள்.)

என் கட்சிக்காரர்கள் கோட்டைவிடுவது காகிதத்தில்தான். டாக்டர்கள் கட்டைவிரலில் இருந்து எண்ணுவார்கள். அவர்களுக்கு 'செகண்ட் டிஜிட்' ஆள்காட்டி விரல். மனுவில் அதை 'இரண்டாவது விரல்' என்று எழுதிவைத்தால் குறுக்கு விசாரணையில் கட்டைவிரலை விட்டுவிட்டு எண்ணி நடுவிரலாக்கி விடுவார்கள். அதற்கு ஓர் எலும்புக்கு 7தான். விரலின் பெயரைப் போட்டே சான்றிதழ் வாங்குங்கள். 'ஃபிங்கர் டிப் இஞ்சுரி' (விரல் நுனிக் காயம்) என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். முழு எலும்பும் போனதா, பாதியா, மூட்டோடு எடுத்தார்களா என்பது அதில் இருக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே, ஆபரேஷன் குறிப்பு இரண்டையும் கையில் வையுங்கள். தோலை இழுத்து மூட சர்ஜன் எலும்பைக் கொஞ்சம் நறுக்கியிருப்பார். 'அது டாக்டர் வெட்டியது, மெஷின் வெட்டியதல்ல' என்று வாதம் வரும். அந்தக் காயம் இல்லாவிட்டால் அந்த ஆபரேஷனே இல்லை. அந்த வாதத்துக்கு மசிய வேண்டாம்.

முழு எலும்பும் போயிருந்தால் 9-க்குக் குறைந்து பேசாதீர்கள். பாதி எலும்பு நிற்கிறது என்றால் வழக்கு எந்தப் பக்கமும் சாயலாம். நியாயமான தொகை வந்தால் ராசியாகப் போய்விடுங்கள். ஆனால் கம்பெனி ஆபீசில் வவுச்சரில் கையெழுத்துப் போட்டு அல்ல, தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்து. மனுவுக்குக் கெடு 2 வருடம். பேச்சுவார்த்தை நடக்கிறது என்று அதைத் தாண்ட விடாதீர்கள்.