முடித்தாயிற்று, அப்புறம்?

கேள்வி: வேலை முடிந்து கிடைக்கும் நேரத்தில் வீடியோ கேம் ஆடுகிறவன் நான். நண்பர்கள் சிலர் சேர்ந்து, யார் எந்த கேமை முடித்தாலும் அதைப் பற்றி நாலு வரி எழுதிப் பகிர்ந்துகொள்கிறோம். கதையைச் சொன்னால் "ஏன்டா கெடுத்தே" என்று சண்டைக்கு வருகிறார்கள். அதனால் "கிராஃபிக்ஸ் அருமை, கதை பரவாயில்லை, 10-க்கு 8" என்று நிறுத்திக்கொள்கிறேன். போன வாரம் 'நியர்: ஆட்டமேட்டா'வை முடித்து 6 போட்டேன். ஒருவர், "நீ இன்னும் முடிக்கவே இல்லை" என்கிறார். கேமைச் செய்தவர்களின் பெயர்ப்பட்டியலான கிரெடிட்ஸ் ஓடியதை என் கண்ணால் பார்த்தேன். விளையாட்டுதானே, இதில் எழுத இதற்கு மேல் என்ன இருக்கிறது?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. 2017-இல் வந்த அந்த கேமில் ஆங்கில எழுத்துக்கு ஒன்றாக 26 முடிவுகள் இருக்கின்றன. தொடக்கப் பகுதியிலேயே செத்துப்போனால் அதுவும் ஒரு முடிவு, அதற்கும் கிரெடிட்ஸ் ஓடும். இயந்திர மனுஷியான நாயகியின் உடலை இயக்கும் சிப்பை மெனுவில் போய்க் கழற்றிவிட்டால் அது இன்னொரு முடிவு. இவற்றில் முக்கியமானவை முதல் ஐந்து. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் அந்த ஐந்தில் முதலாவது. 2பி என்ற பாத்திரமாக ஆடி முடித்ததும் பெயர்கள் ஓடும், அதன் பிறகு இன்னும் இருக்கிறது, தொடர்ந்து ஆடுங்கள் என்று திரையிலேயே ஒரு அறிவிப்பு வரும். அதைத் தாண்டி நீங்கள் போகவில்லை. அடுத்த சுற்றில் அதே நிகழ்ச்சிகளை அவளுடைய கூட்டாளியான 9எஸ் பக்கமிருந்து ஆட வேண்டும். அதற்கும் அடுத்ததில்தான் கதை புது இடத்துக்கு நகர்கிறது. ஐந்தாவது முடிவில் கேம் உங்களிடம் ஒன்று கேட்கும். அது என்ன என்று நான் சொல்ல மாட்டேன். அதைக் கேட்கும் இடம்வரை போகாத ஒருவர் போட்ட 6, அந்த கேமுக்குப் போட்ட 6 ஆகாது.

கிரெடிட்ஸ் ஓடியது என்பதை மட்டும் வைத்து முடித்தேன் என்று எழுதாதீர்கள். எதுவரை ஆடினேன் என்று எழுதுங்கள். பாதியில் விட்டாலும் எழுதலாம், ஏன் எழுதக்கூடாது? கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்திலும், பிளேஸ்டேஷனிலும் கேமுக்குள் வைத்திருக்கும் எந்தச் சாதனையை எத்தனை சதவீதம் பேர் எட்டினார்கள் என்று காட்டுகிறார்கள். கடைசிக் கட்டத்துக்கான சதவீதத்தைப் பாருங்கள், பெயர்பெற்ற கேம்களையே எத்தனை பேர் நடுவழியில் விட்டுவிடுகிறார்கள் என்பது தெரியும். எந்த இடத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்தோம், ஏன் வைத்தோம் என்று ஒருவர் நேர்மையாக எழுதினால், முழுதாக முடித்தவர் எழுதும் பல வரிகளைவிட அது எனக்கு உதவும்.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். 'தி விட்சர் 3' கதையை மட்டும் பார்த்துக்கொண்டு போனாலே சுமார் 50 மணி நேரம் எடுக்கும். 'ஜர்னி' இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டுக்கும் 9 போடலாம், இரண்டும் தகுதியானவைதான். ஆனால் உங்கள் நண்பருக்கு அந்த இரண்டு ஒன்பதுகளால் என்ன தெரிந்தது? ஒன்றில் மாதக்கணக்காகக் குடியிருக்க வேண்டும், இன்னொன்றை ஒரே இரவில் எழுந்திருக்காமல் ஆடி முடிக்க வேண்டும் என்பதுகூடத் தெரியவில்லை.

"கிராஃபிக்ஸ் அருமை" என்பதும் அப்படித்தான். 2018-இல் லூகாஸ் போப் செய்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' கேமில் கறுப்பு, வெள்ளை என்று இரண்டே நிறம், நடுவில் சாம்பல்கூடக் கிடையாது. எல்லாம் புள்ளிகள். ஒரு முகத்தை அடையாளம் பிடிக்கத் திரைக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த உற்றுப் பார்த்தல்தான் அங்கே வேலையே, ஏனென்றால் நீங்கள் ஆடுவது ஒரு காப்பீட்டு விசாரணையாளராக. கப்பலில் இருந்த 60 பேரில் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று என்று கண்டுபிடித்துப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். படம் எப்படி இருந்தது என்பதைவிட அந்தப் படம் உங்களை என்ன செய்ய வைத்தது என்று எழுதினால், வாசிக்கிறவருக்கு கேம் கண்ணில் தெரியும்.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு கேமில் நடந்ததில் பாதி உங்கள் கையால் நடந்தது. அந்தப் பாதியை விட்டுவிட்டுக் கதையை மட்டும் எழுதினால் அதைப் படமாகவே எடுத்திருக்கலாமே என்று தோன்றும். மதிப்பெண்ணை மட்டும் எழுதினால் ஒன்றுமே தோன்றாது.

'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்' 2017-இல் வந்தது. ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவரின் இறப்பையும் ஒவ்வொரு விதமாக ஆட வைக்கும் சின்ன கேம். அதில் லூயிஸ் என்ற இளைஞனுக்கு மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் வேலை. கன்ட்ரோலரில் கட்டைவிரலால் அசைக்கும் இரண்டு ஸ்டிக்குகளில் வலதுதான் அவன் கை. மீனை எடுக்க வேண்டும், வெட்டுக்கத்திக்குக் கீழே நகர்த்த வேண்டும், தலை துண்டானதும் உடலை அப்பால் தள்ள வேண்டும். அடுத்த மீன். மறுபடி அடுத்தது. கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு ஓரமாக அவன் கற்பனை தலைகாட்டுகிறது, சின்ன உருவம் ஒன்று ஏதோ பாதையில் நடக்கிறது. அதை இடது ஸ்டிக்கால் நடத்திப் போக வேண்டும். அதற்காக மீன் வருவது நிற்காது. வலது கை மீனுக்கு, இடது கை கனவுக்கு. கனவு மெல்ல மெல்லப் பெருத்துத் திரையை அடைத்துக்கொள்கிறது. ஒரு கட்டத்தில் என் வலது கை நான் சொல்லாமலே மீனை எடுத்து, நகர்த்தி, தள்ளிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். லூயிஸ் தன் வாழ்க்கையிலிருந்து விலகிப்போவது எப்படி என்று அந்த கேம் எனக்கு விளக்கவில்லை. என் இரண்டு கைகளிலும் அதை நடத்திக் காட்டிவிட்டது.

இதையே "சலிப்பான வேலை செய்யும் ஒருவன் கற்பனையில் மூழ்குகிறான்" என்று எழுதினால் அதில் என்ன இருக்கிறது? கதையைச் சொல்லியும் ஒன்றும் சொல்லாத வரி அது. நான் மேலே எழுதியதில் அந்தப் பகுதி எப்படி முடிகிறது என்பதைத் தொடவே இல்லை. கதையைச் சொல்லவும் கூடாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது என்று நீங்கள் திண்டாடுகிறீர்களே, அதற்கு வழி இங்கேதான் இருக்கிறது. கையில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். கதையைக் கெடுத்துவிட்டாய் என்று வரும் ஸ்பாய்லர் சண்டைகளில் பெரும்பாலானவை அதோடு ஓய்ந்துவிடும்.

ஆனால் எல்லாச் சண்டையும் ஓயாது. சில கேம்களில் உங்கள் நண்பர்களின் கோபம் முழுக்க நியாயமானது. கதை வழியாகப் போகும் கேமில் முடிவு முன்கூட்டியே தெரிந்தாலும் ஆடுவதற்கு மிச்சம் நிறைய இருக்கும். கண்டுபிடிப்பதே ஆட்டமாக இருக்கும் கேமில் அப்படி இல்லை. 2019-இல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்' இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அங்கே 22 நிமிடம் ஆனால் சூரியன் வெடிக்கும், நீங்கள் மறுபடி முதல் நிமிடத்தில் கண் விழிப்பீர்கள். புது ஆயுதம், கூடுதல் சக்தி என்று எதுவும் சேராது. சேருவது தகவல் ஒன்றுதான். எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒருவர் அந்த கேமை ஒரே சுழற்சியில் முடித்துவிடலாம். அப்படியென்றால் நீங்கள் விளையாட்டாகச் சொல்லிவிடும் ஒரு ரகசியம், இன்னொருவர் பல இரவுகள் தேடித் தானாக அடைய வேண்டிய ஒன்றைப் பிடுங்கிக்கொள்கிறது. ஒருமுறை தெரிந்துகொண்டதைத் தெரியாததாக்க வழியில்லை. இந்த வகை கேமுக்கு இடங்களைப் பற்றி எழுதுங்கள், விடைகளைப் பற்றி எழுதாதீர்கள். ஒரு கோளிலிருந்து இன்னொரு கோளுக்கு மணல் தூணாகக் கொட்டிக்கொண்டே இருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம். மணல் வடிந்ததும் என்ன தெரிகிறது என்பது ஆடுகிறவருக்குச் சொந்தம். ஓப்ரா டின் கேமுக்கும் இதே கட்டுப்பாடுதான். மூன்று பேருடைய விவரம் ஒருசேரச் சரியாக இருந்தால்தான் அந்த கேம் அதை உறுதி செய்யும், அந்தக் கணத்தில் வரும் நிம்மதியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள். எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள் என்பதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.

இன்னொரு விஷயம், சுலபமா கடினமா, எந்த நிலையில் வைத்து ஆடினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இதில் பலருக்கும் ஒரு கூச்சம் இருக்கிறது, அந்தக் கூச்சம் எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. 2018-இல் வந்த 'செலஸ்ட்' மலையேறும் கேம். ஒரு திரையைத் தாண்டுவதற்குள் பலமுறை சாவோம், செத்த அடுத்த நொடி அதே திரையில் மறுபடி நிற்போம். அத்தியாயம் முடிந்ததும் எத்தனை முறை செத்தோம் என்ற கணக்கும் வரும். அதிலேயே உதவி முறை ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம், பிடித்துத் தொங்கும் வலிமை தீராமல் வைத்துக்கொள்ளலாம், சாவே இல்லாமலும் ஆடலாம். கேமைச் செய்தவர்களே கதவைத் திறந்து வைத்திருக்கும்போது, அதன் வழியாகப் போனவரைக் கேலி செய்ய உங்கள் நண்பர்களுக்கு என்ன உரிமை? வேகத்தைக் குறைத்து ஆடினேன், ஏழாம் அத்தியாயத்தில் அப்படியும் கை நடுங்கியது என்று ஒருவர் எழுதினால் அது ஒளிவில்லாத நல்ல குறிப்பு. அதே கைவலி, அதே பார்வைக் குறைவு, அதே நேரப் பஞ்சம் உள்ள இன்னொருவர் அதைப் படித்துவிட்டு அந்த கேமைத் தைரியமாகத் தொடங்குவார்.

எப்போது, எந்தக் கருவியில் ஆடினீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். 'சைபர்பங்க் 2077' 2020 டிசம்பரில் வந்தபோது பழைய கன்சோல்களில் இருந்த கோளாறுகளால் பிளேஸ்டேஷனைச் செய்யும் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட் அதன் அடிப்படை முறைகள் பலவற்றை மாற்றியது. அந்த டிசம்பரில் முடித்தவரும் இப்போது முடித்தவரும் ஒரே பெயருள்ள இரண்டு கேம்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். தேதி இல்லாவிட்டால் வீண் சண்டை.

மற்றபடி, உங்கள் குழுவில் நீங்கள் எழுதியதும் பேச்சு நின்றுபோகிறதா? "10-க்கு 8" என்றால் அடுத்தவர் சொல்ல என்ன இருக்கிறது, "எனக்கு 7" என்பதைத் தவிர? எழுதி முடிக்கும்போது ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போங்கள். 2013-இல் இதே லூகாஸ் போப் செய்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' கேமை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டு பார்க்கும் ஊழியர். ஒருவர் வருகிறார், தாள்கள் எல்லாம் சரி. பின்னால் தன் மனைவி வருகிறாள், கொஞ்சம் தயவு காட்டுங்கள் என்கிறார். மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை. அவளை உள்ளே விட்டால் உங்களுக்கு ஒரு தவறு எழுதப்படும். ஒரு நாளில் முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கை மட்டும்தான், மூன்றாவதிலிருந்து சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். வீட்டில் வாடகை, சாப்பாடு, குளிருக்கான செலவு எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அன்று இன்னும் தவறு செய்யாதவருக்கு இரக்கம் காட்டுவது சுலபம். கவனக்குறைவாக ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை வாங்கியவருக்கு அதே இரக்கம் காசைக் கேட்கிறது.

இந்த கேமை முடித்த நாலு பேர் உங்கள் குழுவில் இருந்தால் மதிப்பெண் கேட்காதீர்கள். அந்தப் பெண் வந்து நின்றபோது அன்றைக்கு எத்தனை எச்சரிக்கை வாங்கியிருந்தாய், அவளை உள்ளே விட்டாயா என்று கேளுங்கள்.