தரைதட்டாமல் மறைவிடத்தை நெருங்குவது எப்படி?

பாய்மரக் கப்பல் விளையாட்டுகளைப் பற்றி வந்த நான்கு கேள்விகளும் ஏறக்குறைய ஒரே சிக்கலைச் சுற்றியே இருந்ததால், அவற்றை இந்த இதழில் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 2004-இல் வெளிவந்த ‘சிட் மையர்ஸ் பைரேட்ஸ்’ விளையாட்டை இப்போதுதான் ஆடத் தொடங்கியிருக்கிறேன். புதையல் வரைபடத்தின் ஒரு துண்டு கையில் இருக்கிறது. அது காட்டும் கரை எது என்பதையும் ஓரளவு ஊகித்துவிட்டேன். ஆனால் அந்தக் கரையை நெருங்கும்போதெல்லாம் என் ஃபிரிகேட் பாறைத்திட்டுகளில் அடிபடுகிறது. சுற்றிக்கொண்டு போனால் நாள் கூடி, மாலுமிகள் முணுமுணுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: வழியை மாற்றுவதற்கு முன் கப்பலை மாற்றுங்கள். ஃபிரிகேட் சண்டைக்கு உரியது; அதன் அடிப்பகுதி நீருக்குள் ஆழமாக இறங்கியிருப்பதால், திட்டுகள் நிறைந்த கரையோரத்தில் அதன் பீரங்கிகளால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. சுலூப், பின்னஸ் போன்ற சிறு கப்பல்கள் அதே திட்டுகளின் மேல் சேதமில்லாமல் கடந்துவிடும். கொள்ளையில் கிடைத்த சிறு கப்பல்களை உடனே விற்றுக் காசாக்குவது புதிதாக ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம் (எனக்கும் நெடுநாள் இருந்தது). ஒன்றையாவது வைத்திருந்து, தேடலுக்குக் கிளம்பும்போது அதையே தலைமைக் கப்பலாக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. கரீபியக் கடலில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தே வீசுகிறது, விளையாட்டிலும் அப்படித்தான். மேற்கே ஓடுவது எளிது, கிழக்கே திரும்புவது பெரும்பாடு. தேட வேண்டிய கரைக்குக் கிழக்கே ஒரு துறைமுகத்தில் உணவை நிரப்பிக்கொண்டு, அங்கிருந்து மேற்கு நோக்கிக் கரையை வருடியபடி வந்தால், காற்றும் துணைக்கு வரும், மாலுமிகளின் பொறுமையும் மிஞ்சும். எதிர்க்காற்றில் போயே ஆக வேண்டுமென்றாலும், பெரிய கப்பல்களைவிடச் சுலூப் நன்றாகவே ஈடுகொடுக்கும்.

கரையை நெருங்கியபின் வரைபடத் துண்டில் கரையின் வளைவை மட்டும் பார்க்காமல், அதில் வரைந்திருக்கும் அடையாளப் பாறையையும் மலையையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கடலில் இருந்தபடியே அவற்றில் ஒன்றைக் கண்டுகொண்டு இறங்குகிறவர் கொஞ்ச தூரமே நடக்க வேண்டியிருக்கும். கண்ட இடத்தில் இறங்குகிறவர் காட்டில் நாட்களைத் தொலைப்பார்.

கேள்வி: வரைபடத்தில் நம் கப்பலையே புள்ளியாகக் காட்டிவிடும் விளையாட்டுகளில், மறைந்த இடத்தைத் தேடுவதில் என்ன சுவை இருக்கிறது?

பதில்: நியாயமான கேள்வி. 1987-இல் வந்த முதல் ‘பைரேட்ஸ்’ அந்தச் சலுகையைத் தரவில்லை. அஸ்ட்ரோலேப் கருவியால் நண்பகல் சூரியனின் உயரத்தை அளந்து அட்சரேகையை அறிந்து, பெட்டியோடு வந்த தாள் வரைபடத்தில் நாமே இடத்தைக் கணிக்க வேண்டும். கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்பதை அந்தக் கருவி சொல்லாது என்பதால், சரியான அட்சரேகையைப் பிடித்துக்கொண்டு கரை தென்படும் வரை அதன் வழியே ஓடுவதுதான் முறை. பழைய மாலுமிகள் செய்ததும் அதுவே.

பின்னால் வந்தவை வேறு உத்திகளைக் கையாண்டன. 2002-இல் ஜப்பானில் வெளியான ‘தி விண்ட் வேக்கர்’ தன் கடலை 49 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் துள்ளித் திரியும் ஒரு மீனுக்கு இரை போட்டால்தான் அந்தக் கட்டத்தின் வரைபடத்தைத் தீட்டித் தருகிறது. 2013-இல் வந்த ‘அசாசின்ஸ் கிரீட் 4: பிளாக் ஃபிளாக்’ புதையல் வரைபடத்தில் இரண்டு எண்களைத் தருகிறது, தீவை அந்த எண்களால் கண்டுபிடித்தாலும், தோண்ட வேண்டிய இடத்தை ஓவியத்தில் உள்ள மரத்தையும் பாறையையும் பார்த்தே அறிய வேண்டும். என் விருப்பம் இன்னமும் 1987-தான்.

கேள்வி: விளையாட்டுகளில் நீரின் நிறத்தைப் பார்த்து ஆழத்தைச் சொல்லலாம் என்கிறார்கள். உண்மைக் கடலிலும் அப்படித்தானா, அல்லது இது ஓவியர்களின் வசதிக்காகவா?

பதில்: உண்மைக் கடலிலிருந்து எடுத்ததுதான். தெளிந்த வெப்பமண்டலக் கடலில் கருநீலம் ஆழத்தைக் காட்டும். வெளிர்பச்சை, அடியில் மணல் மேலெழுந்திருப்பதைக் காட்டும். பழுப்பாகத் தெரிவது பெரும்பாலும் பவளப்பாறையோ கடற்புல்லோ. சூரியன் உயர்ந்தும் நமக்குப் பின்னாலும் இருந்தால்தான் இந்த நிறங்கள் பிரிந்து தெரியும். எதிரே தாழ்ந்திருந்தால் நீர்ப்பரப்பு முழுவதும் பளபளத்துக் கண்ணை மறைக்கும். எனவே மேற்கே போகிறவருக்குக் காலையும், கிழக்கே போகிறவருக்குப் பிற்பகலும் ஏற்றவை. வெள்ளை நுரை பாறையைக் காட்டிக்கொடுக்கும் என்பதும் சரிதான், ஆனால் அலை அடங்கிய நாளில் நுரை இருக்காது, பாறை இருக்கும்.

நிறம் தெரியாத இரவில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்தார்கள். குண்டின் அடியிலுள்ள குழியில் கொழுப்பைத் தடவியிருப்பார்கள்; அதில் ஒட்டிக்கொண்டு வரும் மணலோ சேறோ கிளிஞ்சலோ அடித்தரையின் தன்மையைச் சொல்லும். ஆழத்தைப் ‘பாகம்’ என்ற அளவில் கணக்கிட்டார்கள், ஒரு பாகம் ஆறு அடி. இந்த முறையின் குறையை 1770 ஜூன் 11 இரவு ஆங்கிலேயக் கடற்பயணி ஜேம்ஸ் குக்கின் ‘எண்டவர்’ கப்பல் கண்டது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம் நிலவொளியில் போய்க்கொண்டிருந்தபோது, கயிறு 20 பாகத்துக்கும் மேல் காட்டியது, பதினொரு மணிக்குச் சற்று முன் 17 காட்டியது, மாலுமி அடுத்த முறை குண்டை வீசுவதற்குள் கப்பல் பவளப்பாறையில் ஏறிவிட்டது. அது ஏறியதோ கடல் பெருகி நின்ற வேளையில். ஆகவே நீர் இறங்க இறங்க நிலைமை மோசமாயிற்று. ஆறு பீரங்கிகள் உட்படப் பல டன் எடையைக் கடலில் வீசிவிட்டு, மறுநாள் இரவு நீர் ஏறியபோதுதான் மீள முடிந்தது.

ஈயக்குண்டு காலடியில் உள்ளதைச் சொல்கிறது, முன்னால் உள்ளதைச் சொல்வதில்லை. பவளப்பாறையோ சுவர்போலச் செங்குத்தாக எழுகிறது. விளையாட்டில் ஆழத்தைக் காட்டும் எண் இருந்தாலும், அதை ஒரு கண்ணாலும் முன்னேயுள்ள நீரின் நிறத்தை மறு கண்ணாலும் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

கேள்வி: ‘சீ ஆஃப் தீவ்ஸ்’ விளையாட்டில் நானும் மூன்று நண்பர்களும் கேலியன் என்ற பெரிய கப்பலில் போகிறோம். தீவை நெருங்கும் ஒவ்வொரு முறையும் பாறையில் மோதுகிறோம். சுக்கான் பிடிப்பவன் நான். ஏச்சு முழுவதும் எனக்கே விழுகிறது.

பதில்: குற்றம் உங்களுடையது மட்டும் அல்ல. விரித்த பாய்கள் சுக்கான் பிடிப்பவரின் முன்காட்சியை மறைத்துவிடும். கேலியனின் மூன்று பாய்மரங்களிலும் பாய்கள் இறங்கியிருந்தால் உங்களுக்குத் துணி மட்டுமே தெரியும். ஒருவரைக் கப்பலின் முன்முனையில் நிறுத்தி ‘இடம்’, ‘வலம்’ என்று குரல் கொடுக்கச் சொல்லுங்கள். தீவு பெரிதாகத் தெரியத் தொடங்கியதுமே பாய்களைச் சுருட்டத் தொடங்கிவிடுங்கள், ஏனென்றால் பாயைச் சுருட்டிய பிறகும் கப்பல் சிறிது தூரம் ஓடியே நிற்கும். கடைசி நொடியில் பாறை தென்பட்டால் சுக்கானை முழுவதுமாக ஒருபுறம் திருப்பி நங்கூரத்தை இறக்குங்கள். கப்பல் அந்த இடத்திலேயே சுழன்று திரும்பும்.

உண்மையில் அவ்வளவு நெருங்கவே தேவையில்லை. கருநீலம் முடியும் இடத்திலேயே கப்பலை நிறுத்திவிட்டு நீந்தியோ துடுப்புப் படகிலோ போகலாம். பீரங்கிக்குள் ஏறிக் கரைக்குப் பறக்கவும் இந்த விளையாட்டு அனுமதிக்கிறது. திரும்பி வரும்போது பெட்டி கையில் இருக்கும் என்பதால், கரைக்குத் துடுப்புப் படகில் போவதே நல்லது.