கால்விரல் மரத்துப்போவது இருக்கட்டும், கெண்டைக்கால் ஏன் வீங்கியது?

கேள்வி: எனக்கு வயது 47. நண்பர்களுடன் மோட்டார்சைக்கிளில் மலேசியா, தென் தாய்லாந்து என்று நெடுந்தூரம் போய்வருவேன். இரண்டு மணி நேரம் ஓட்டினால் கால்விரல்கள் மரத்துப்போகின்றன, முழங்கால் வலிக்கிறது. இறங்கி நடந்தால் சரியாகிவிடும். என் தந்தைக்கு நீரிழிவால் காலை எடுக்க வேண்டியிருந்தது. எனக்கும் அதுதானோ என்று பயமாக இருக்கிறது. சென்ற ஆண்டு சோதித்தபோது சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. ஜொகூர் பாருவில் நரம்புக்கான வைட்டமின் மாத்திரை வாங்கி நாளுக்கு இரண்டு போடுகிறேன். எஞ்சின் அதிர்வு நரம்பைச் சாகடித்துவிடும் என்று இணையத்தில் படித்தேன். ஃபுட்ரெஸ்ட்டை இறக்கி, முன்னால் காலை நீட்டி வைக்க ஹைவே பெக் பொருத்தினால் தீருமா? சென்ற மாதம் ஹட்யாய் போய்வந்த பிறகு இடது கெண்டைக்கால் மூன்று நாள் வீங்கியிருந்தது. கியர் போட்டு வந்த வலி என்று கோடாலித் தைலம் தேய்த்துக் கட்டுப் போட்டேன். இப்போது மாலையில் மட்டும் கனமாக இருக்கிறது. டிசம்பரில் கேமரன் மலைக்குப் போகிறோம்.
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: உங்கள் விரல்கள் மரத்துப்போவதற்கு உங்கள் தந்தையின் நோயைக் காரணமாகத் தேட வேண்டாம். நீரிழிவால் வரும் நரம்புச் சிதைவு இரண்டு பாதங்களிலும் ஒன்றுபோலத் தொடங்கி, காலுறை மாட்டியதுபோல மெல்ல மேலேறும். இரவில் படுத்த பிறகு எரிச்சலும் குத்தலுமாக மிகும். வண்டியைவிட்டு இறங்கிப் பத்து நிமிடம் நடந்ததும் விலகிப்போகும் நாகரிகம் அதற்குக் கிடையாது. உங்களுக்கு வருவது, ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்த நரம்பு அழுத்தம் நீங்கியதும் தெளிவதுதான். தந்தைக்கு நீரிழிவு இருந்ததால் ஆண்டுதோறும் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 40 வயதைக் கடந்தவர் என்பதால், சிங்கப்பூர் அரசின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் பதிந்துகொண்டு ஒரே குடும்ப மருத்துவரிடம் அதைச் செய்துகொள்ளலாம்.

நீங்கள் அஞ்ச வேண்டியது வேறு. அதைத்தான் கேள்வியாகக்கூடக் கேட்காமல், கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். பல மணி நேரம் உட்கார்ந்து பயணம் செய்து திரும்பியவருக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால், காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று சோதித்து, இல்லை என்று உறுதியாகும்வரை மருத்துவர்கள் அதை விடமாட்டார்கள். இரண்டு கணுக்கால்களும் சேர்ந்து வீங்கியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். வெயிலில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுவதும் இருந்தவர் எவருக்கும் அது வரும், காலை உயர்த்தி வைத்துத் தூங்கி எழுந்தால் வடிந்துவிடும். உங்களுக்கு வீங்கியது ஒரு கால், அதுவும் மூன்று நாள், அந்தக் காலில் இன்னமும் மாலைக் கனம் போகவில்லை. இந்தப் பதில் அச்சேறும்வரை காத்திருக்க வேண்டாம் என்று ஆசிரியர் மூலம் உங்களுக்குத் தகவல் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதைப் பார்த்தும் நீங்கள் போகாமல் இருந்தால், இதைப் படித்ததும் போங்கள்.

கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கித்தான் காலிலுள்ள ரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது. முழங்கால் மடங்கி, தொடையின் அடிப்பக்கத்தை இருக்கையின் விளிம்பு அழுத்த, பாதம் ஃபுட்ரெஸ்ட்டில் அசையாமல் கிடந்தால் அந்த ஓட்டம் மந்தமாகிறது. விமானப் பயணிகளுக்கு மட்டுமே இது வரும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1940-இல் லண்டனில் குண்டுவீச்சுக்கு அஞ்சிக் காப்பிடங்களில் மடக்கு நாற்காலிகளில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர்களிடையே, காலில் உறைந்த ரத்தக் கட்டி நகர்ந்துபோய் நுரையீரலை அடைத்து நேரும் மரணங்கள் கூடியதை மருத்துவ உலகம் பதிவுசெய்திருக்கிறது. நாற்காலியின் முன்சட்டம் காலை அழுத்தியதே காரணமாக இருக்கும் என்று அப்போதே எழுதினார்கள். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போகும் பயணம் இந்த ஆபத்தை ஏறத்தாழ இரண்டு மடங்காக்குகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அப்படியிருந்தும், ஆரோக்கியமானவர்களில் 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் அது நேர்கிறது என்பதால், பயணம் போகாதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் கால் வீங்கிய பிறகு அந்த 6,000 பேர் கூட்டத்துக்குள் போய் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

இடது கால் என்றதும் கியர்மேல் பழியைப் போட்டுவிட்டீர்கள். கியரை மேலே தூக்கித் தூக்கி வரும் வலி, முன்னங்கால் எலும்பை ஒட்டியும் கணுக்காலின் முன்புறத்திலும் இருக்கும். அது பின்னாலிருக்கும் கெண்டைக்காலை வீங்கவைக்காது. தவிர, வட-தெற்கு நெடுஞ்சாலையில் கடைசிக் கியரில் ஏறிவிட்டால் அடுத்த ஓய்விடம்வரை அதைத் தொடும் வேலையே இல்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இடது காலிலிருந்து ரத்தம் மேலேறும் பெரிய சிரையை, வலது காலுக்குப் போகும் தமனி இடுப்புக்குள் குறுக்கே கடந்து செல்கிறது. அந்த அழுத்தத்தால்தான் ஆழ்சிரை ரத்த உறைவு இடது காலிலேயே கூடுதலாகக் காணப்படுகிறது.

முழங்கால் சில்லுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் இறங்கி, தையல் நாடாவால் இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்து பாருங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் மருத்துவர் அதைத் தம் கணக்கில் சேர்த்துக்கொள்வார். வேறுபாடு குறைவு என்பதற்காக வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ, “நீண்ட பயணத்துக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கியது” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்; விரல் மரத்த கதையிலிருந்து தொடங்கினால் மருத்துவருடன் கிடைக்கும் சில நிமிடங்களும் அதிலேயே போய்விடும். தேவைக்கேற்ப டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையோ, வலியில்லாத டாப்ளர் ஸ்கேனோ செய்வார்கள். உறைவு இருந்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைக் குறைந்தது மூன்று மாதம் உட்கொள்ள வேண்டியிருக்கும். இதற்கிடையில் திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, மயக்கம் வந்தாலோ, கிளினிக்கில் வரிசை எண் எடுத்துக் காத்திருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.

வீங்கிய கெண்டைக்காலை அழுத்தித் தேய்த்ததை என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. உள்ளே உறைந்த கட்டி இருந்தால், அதை இடம்பெயரச் செய்யக்கூடிய வேலை அது. கோடாலித் தைலம் தலைவலிக்கும் மூக்கடைப்புக்கும் இருக்கட்டும். ஸ்கேன் பார்க்கும்வரை தேய்ப்பதையும் இறுகக் கட்டுவதையும் நிறுத்துங்கள். யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரினையும் தொடங்காதீர்கள். அந்த நரம்பு மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். இவற்றில் பலவற்றில் பி6 வைட்டமின் உடலின் அன்றாடத் தேவையைப்போலப் பல மடங்கு இருக்கும். அதை மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே பாத நரம்புகளைக் கெடுத்து மரத்துப்போகச் செய்யும். குறைபாடு இருப்பதாக எந்தப் பரிசோதனையும் சொல்லாத நிலையில் நாளுக்கு இரண்டு எதற்கு?

எஞ்சின் அதிர்வு நரம்பைச் சாகடிக்கும் என்ற கட்டுரையை மூடிவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் துளையிடும் இயந்திரம் பிடிக்கும் தொழிலாளியின் கைகளுக்கு வரும் நோயை, மாதம் ஒருமுறை வண்டியெடுப்பவரின் கால்களுக்கு ஒட்டிப்பார்ப்பதில் பொருளில்லை.

இனி நீங்கள் கேட்ட ஃபுட்ரெஸ்ட். மரத்துப்போவது சரியாக எந்த இடத்தில் என்று அடுத்த முறை கவனியுங்கள். பெருவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் இடையில் மட்டும் என்றால், பூட்ஸின் வார் கணுக்காலின் முன்புறத்தில் ஓடும் நரம்பை இறுக்குகிறது. வாரைத் தளர்த்தினால் போதும். உள்ளங்கால் என்றால், மெல்லிய அடிப்பாகம் கொண்ட காலணி வழியாக ஃபுட்ரெஸ்ட் பாதத்தின் வளைவை அழுத்துகிறது. நேர்ச்சாலையில் வளைவையும், திருப்பங்களில் பாதத்தின் முன்மேட்டையும் ஃபுட்ரெஸ்ட்டில் மாற்றி மாற்றி வைக்கலாம். கியரும் பிரேக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

பெக் வாங்கச் செலவழிக்கும் முன், கியர் லிவரும் பிரேக் பெடலும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். பூட்ஸ் அணிந்து இருக்கையில் உட்கார்ந்து, பாதத்தை இயல்பாக வைத்தபடி, கணுக்காலை முறுக்காமல் விரல் நுனி கியர் லிவருக்கு அடியில் நுழைய வேண்டும். வலது பாதம், பிரேக்கை மிதித்துவிடாமலிருக்க எந்நேரமும் தூக்கிப் பிடிக்க வேண்டிய நிலையில் இருக்கக் கூடாது. கடையிலிருந்து வந்த நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிட்டு, முன்னங்கால் வலிக்கிறது என்று வருவோர் பலர். இரண்டையும் ஒரு பட்டறையில் சிறிது நேரத்தில் சரிசெய்துவிடலாம்.

முழங்கால் வலிக்கு ஃபுட்ரெஸ்ட்டைச் சற்று இறக்குவது நியாயமான யோசனைதான். மடிப்பு விரிந்தால் சில்லின்மீது விழும் அழுத்தம் குறையும். இறக்கிய அளவுக்கு, வண்டி சாயும்போது ஃபுட்ரெஸ்ட் தரையை விரைவில் தொடும் என்பதைக் கேமரன் மலையின் திருப்பங்களில் மறந்துவிடக் கூடாது. எதை மாற்றுவதானாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி இடம்கொடுக்கிறதா என்று பட்டறையில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஹைவே பெக்கை நான் விரும்புவதில்லை. காலை முன்னால் நீட்டியதும் உடலின் எடை முழுவதும் வால் எலும்பிலும் கீழ்முதுகிலும் இறங்குகிறது. பின் பிரேக்கிலிருந்து பாதம் தூரத்தில் கிடக்கிறது. இவற்றைவிட எனக்கு உறுத்துவது, அது தரும் சுகம். முழங்கால் வலிப்பதால்தான் இன்று இரண்டு மணி நேரத்தில் இறங்குகிறீர்கள். வலி இல்லாவிட்டால் நான்கு மணி நேரம் இறங்க மாட்டீர்கள். சிரைக்குத் தேவைப்படுவது கால் வைக்க நல்ல இடமன்று, கால் அசைவது. மாச்சாப், பாகோ, ஆயர் குரோ என்று ஓய்விடங்கள் வழிநெடுக இருக்கின்றன. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றில் நிறுத்தி, நாற்காலி தேடாமல், ஐந்து பத்து நிமிடம் நடங்கள். சோதனைச்சாவடி நெரிசலில் வண்டி நகராமல் நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் துவாஸுக்குப் புறப்படும் பழக்கம் உங்களுக்கும் இருந்தால், அதை விடுங்கள்.

டிசம்பர் பயணத்துக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் மேலே சொன்னபடி போய்வரலாம். உறைவு இருந்து மாத்திரை தொடங்கிவிட்டால், ரத்தம் எளிதில் கட்டாத நிலையில் மோட்டார்சைக்கிளிலிருந்து விழுவது வேறு கணக்கு. எப்போது மறுபடியும் ஏறலாம் என்பதை அந்த மருத்துவரிடமே கேளுங்கள். நண்பர்களிடம் கேட்க வேண்டாம்.